சிறு நிறுவனங்களுக்கும் குப்பைப் பிரிப்பைக் கட்டாயமாக்க வேண்டுமா?

கதிரவன்:
குப்பையைத் தரம் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை எல்லா நிறுவனங்கள் மீதும் ஒரே அளவில் சுமத்துவதை நான் எதிர்க்கிறேன். நான்கைந்து பேர் பணியாற்றும் இடத்தில் பல தொட்டிகளை வைக்க இடம் இருப்பதில்லை. தனித்தனியாக அள்ளிச் செல்வதற்கான கட்டணமும் கூடுகிறது. பல அடுக்கு உறை போன்ற மறுசுழற்சிக்கு எளிதில் உட்படாத பொருளைத் தேர்ந்தெடுப்பவர் உற்பத்தியாளரே. 1991-இல் ஜெர்மனி செய்ததுபோல, உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை அவர் மீது வைப்பதே முறை.

மணிமேகலை:
உற்பத்தியாளர் பொறுப்பை நானும் வலியுறுத்துகிறேன். ஆனால் அந்த ஏற்பாடு உறைகளோடு நின்றுவிடுகிறது. சமையற்கூடத்தின் மிச்சத்துக்கு அது பொருந்தாது. எண்ணெயும் ஈரமும் ஊறிய அட்டையைக் காகித ஆலைகள் கழித்துவிடுவதால், கலந்த பிறகு எவ்வளவு செலவிட்டுப் பிரித்தாலும் நல்ல காகிதமாக இருந்ததில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். குப்பைக் கிடங்கில் காற்றுப் புகாமல் புதைந்த உணவுக்கழிவோ மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால், புவியை வெப்பமூட்டும் அந்த வாயுவின் திறன் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் அதிகம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கலந்த குப்பையில் கிடக்கும் லித்தியம் மின்கலம் வண்டியில் நசுங்கித் தீப்பிடித்தால், முதலில் ஆபத்துக்கு உள்ளாவது அதை அள்ளும் தொழிலாளிதான். சிறிய நிறுவனத்தின் மின்கலம் என்பதால் தீ சிறிதாக இருக்காது.

கதிரவன்:
மின்கலம் பற்றிய வாதத்தை ஏற்கிறேன்; ஆபத்தான கழிவுக்கு விலக்கு கேட்க மாட்டேன். மற்றவற்றுக்கு வரம்பு வேண்டும். இங்கிலாந்தில் 2025 மார்ச் 31 முதல் பணியிடங்களுக்குத் தரம் பிரித்தல் கட்டாயமானபோதும், பத்துக்கும் குறைவான முழுநேரப் பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது.

இளங்கோ:
ஆள் கணக்கு சரியான அளவுகோல் அன்று. மூவர் நடத்தும் உணவகம் இருபது பேர் அமர்ந்து எழுதும் அலுவலகத்தைவிட அதிகக் கழிவை உண்டாக்கக்கூடும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் பெருமளவில் கழிவு உண்டாக்குவோரை நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் என எடையால் வரையறுத்தன. பிரான்ஸ் வாரத்துக்கு 1,100 லிட்டர் எனக் கொள்ளளவால் வரையறுத்தது. இவையே பொருத்தமானவை.

மணிமேகலை:
எடையை அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடுதான். ஆயினும் அந்த வரம்பு, கழிவை வளாகத்திலேயே பதப்படுத்துதல், பதிவேடு பேணுதல் போன்ற கூடுதல் கடமைகளுக்கு மட்டும் இருக்கட்டும். மட்கும் குப்பையையும் மட்காததையும் பிரித்து வைக்க இரண்டு தொட்டிகளே போதும், அதற்கு எவருக்கும் விலக்கு தேவையில்லை.

கதிரவன்:
இரண்டு தொட்டி என்றால் நானும் இணங்குகிறேன், ஒரு நிபந்தனையோடு. பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே வண்டியில் கொட்டிக் கலக்கும் ஒப்பந்ததாரருக்கும் அதே விதியில் தண்டம் இருக்க வேண்டும். அவர் எதை எங்கே ஒப்படைத்தார் என்பதற்கான எடைச்சீட்டு நிறுவனத்துக்குக் கிடைக்க வேண்டும்.