பழைய ஆம்ப்ளிஃபயரின் பவர் கார்டை மாற்றுதல்: இரண்டு கம்பியா, மூன்று கம்பியா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் 1970களில் ஜப்பானில் தயாரான, 220 வோல்ட்டில் இயங்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று உள்ளது. பின்பக்கத் தகட்டின் துளை வழியாக உள்ளே சென்று நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும் அதன் இரண்டு கம்பிப் பவர் கார்டு, தகட்டை ஒட்டிய இடத்தில் உறை வெடித்துச் செம்பு தெரிகிறது. புதிய கார்டு போடும்போது, கணினியில் இருப்பதைப் போலக் கழற்றி மாட்டும் மூன்று முனைச் சாக்கெட்டைப் பொருத்திவிடலாமா, இல்லை பழையபடி இரண்டு கம்பியே போதுமா? தடித்த கார்டு போட்டால் ஒலி மேம்படும் என்று கடையில் சொல்கிறார்கள், அது உண்மையா?

பதில் 1:
ஒலி மேம்படாது. 200 வாட் எடுக்கும் கருவிக்கு 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியர்கூடத் தேவையில்லை என்பதால், 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பியே தாராளம். சாக்கெட்டுக்காகத் தகட்டை வெட்டுவதை நான் விரும்பமாட்டேன்; இரும்புத் தூள் உள்ளே விழும், பழம்பொருளாக அதற்குள்ள மதிப்பும் குறையும். கருவியின் பின்புறத்தில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்புடன் செய்யப்பட்டது. அதற்கு எர்த் வேண்டியதில்லை, இரண்டு கம்பியையே போடுங்கள். எதைப் போட்டாலும், கார்டை இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷைப் புதிய கார்டின் தடிமனுக்கு ஏற்றதாக வாங்குங்கள். உள்ளே முடிச்சுப் போட்டு நிறுத்துவது அதற்கு ஈடாகாது.

பதில் 2:
அந்தக் குறி இல்லாவிட்டால் என் கருத்து வேறு. டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு என்றாவது பழுதானால் உலோகப் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும். எர்த் இருந்தால் ஃபியூஸ் எரியும், அல்லது வீட்டிலுள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். ஆகவே மூன்று கம்பிக் கார்டை அதே துளை வழியாகக் கொண்டு செல்லுங்கள். பச்சை மஞ்சள் கம்பியை வளைய லக் (கம்பி நுனியில் பொருத்தும் உலோக வளையம்) வைத்து, பெயிண்டைச் சுரண்டிய இடத்தில், வேறு எதையும் தாங்காத தனி போல்ட்டில், பல் வாஷருடன் முடுக்குங்கள். கார்டு இழுபட்டால் எர்த் கடைசியாக அறும்படி அந்தக் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடவேண்டும். பழுப்புக் கம்பி ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் போகட்டும், நீலம் நியூட்ரலுக்கு. இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஃபேஸ் இடம் மாறிவிடும். மூன்று முள்ளில், சுவர்ச் சாக்கெட்டின் வயரிங் சரியாக இருக்கும்வரை, அந்தத் தொல்லை இல்லை.

பதில் 1 (மீண்டும்):
குறி இல்லாத கருவிக்கு அவர் சொல்வதே சரி. ஆனால் எர்த் உள்ள கணினியையும் இதனுடன் இணைத்தால், இரண்டு எர்த்துகளும் ஆடியோ கேபிள் வழியாக ஒரு வளையமாகி, ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கக்கூடும். அப்போது எர்த்தைத் துண்டிக்காமல், ஆடியோ கேபிளுக்கு இடையில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. குறி எதுவும் இல்லை. எனவே மூன்று கம்பியே போடுகிறேன். பின்புறத்தில் வேறு கருவிகளைச் செருக இரண்டு மின் சாக்கெட்டுகள் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பதில் 2:
அவற்றில் ஒன்று ஆம்ப்ளிஃபயரை அணைத்தாலும் உயிரோடு இருக்கும் வகையாக இருக்கலாம். இரண்டிலும் எர்த் இல்லை என்பதால், உள்ளே இணைப்பைக் கழற்றி நுனிகளுக்குக் காப்புப் போட்டுவிடுங்கள். கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, வோல்ட் மீட்டரில் பாருங்கள். முடித்ததும் முதல் முறை 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டில் (கருவிக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியாகவே செல்லும் பலகை) மாட்டுங்கள். பல்பு மின்னி மங்கினால் நல்லது, விடாமல் பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.