கதையைப் படித்தீர்களா, தாண்டிப் போனீர்களா? சூப்பர் ஹீரோ ஆன்லைன் கேம் அனுபவங்கள்

மின்கம்பம்:

2005-இல் வேலைக்காக நியூஜெர்சி போன புதிதில், கூட இருந்த ஒருவர் சிட்டி ஆஃப் ஹீரோஸை அறிமுகப்படுத்தினார். அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் வந்த கேம். ரோட் ஐலண்டில் பாரகன் சிட்டி என்று ஒரு கற்பனை நகரம். தெருவுக்குத் தெரு ஆட்கள் பறந்துகொண்டும் தாவிக்கொண்டும் இருப்பார்கள். நான் அந்த ஊருக்குள் கால் வைக்கவே மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் கேரக்டர் செய்யும் திரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் திரையின் கடைசியில் ஒரு பெட்டி இருக்கும். உங்கள் ஹீரோ யார், எங்கிருந்து வந்தான் என்று ஆயிரத்துச் சொச்சம் எழுத்துக்குள் எழுதலாம். கட்டாயமில்லை, எழுதினால் சக்தி அதிகமாகாது, லெவல் ஏறாது. நான் எழுதினேன். நாகப்பட்டினத்தில் மின்வாரிய லைன்மேன். புயல் ராத்திரியில் கம்பத்தில் ஏறியிருக்கும்போது இடி விழுகிறது, சாகவில்லை. பெயர் 'இடி'. ஆங்கில எழுத்தில் அடித்ததால் முதல் மாதம் முழுக்க ஆளாளுக்கு உகாண்டா சர்வாதிகாரியை நினைத்து 'இடி அமினா?' என்று கேட்டார்கள். அது வேறு கதை.

ஒரு நாள் அட்லஸ் பார்க்கில், உலக உருண்டையைத் தோளில் தாங்கி நிற்கும் அந்தப் பெரிய சிலைக்குக் கீழே டீமுக்காக நின்றிருந்தேன். யாரோ ஒருவர் என் கேரக்டரைக் கிளிக் செய்து வரலாற்றைப் படித்துவிட்டு, சாட்டில் கேட்டார்: 'மின்சாரம் இனி உன்னை ஒன்றும் செய்யாது என்றால் ஏன் இன்னும் ரப்பர் கையுறை போட்டிருக்கிறாய்?' மஞ்சள் கையுறை அழகாக இருக்கிறது என்று போட்டது, அவ்வளவுதான். ஆனால் யோசிக்காமல் பதில் அடித்தேன்: 'கழற்றினால் அம்மா பயப்படும்.'

அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் இடி எனக்கு ஒரு ஆளாகத் தெரிய ஆரம்பித்தான். அது கேம் எழுதிக்கொடுத்த வரியும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன். இந்த மாதிரி கேம்களில் கதை உங்களுக்கு எங்கே கிடைத்தது? மிஷன் கொடுப்பவர் பேசும் பத்தியிலா, வேறு எங்காவதா? நடந்ததைச் சொல்லுங்கள்.

அடிச்சுட்டுப்போ:

நான் ஒரு பத்தியும் படித்ததில்லை. மிஷன் கொடுப்பவர் வாயைத் திறக்கும் முன்பே 'சம்மதம்' பட்டனை அழுத்தியிருப்பேன். குகை, ஆபீஸ், கிடங்கு, சாக்கடை. எந்தக் கதையாக இருந்தாலும் கடைசியில் இந்த நான்கில் ஒன்றில்தான் கொண்டுபோய் விடுவார்கள். பிறகு எதற்குப் படிக்க?

தோப்புக்காரன்:

அப்படியென்றால் கேப் விஷயம் தெரிந்திருக்காது. சொல்கிறேன்.

கேம் வந்தபோது யாருக்கும் கேப் கிடையாது. சூப்பர் ஹீரோ கேமில் முதுகில் துணி இல்லை என்று கத்தாத ஆள் இல்லை. 2004 செப்டம்பர் அப்டேட்டில் கொடுத்தார்கள், ஆனால் இருபதாவது லெவலுக்குப் பிறகுதான். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். கதைப்படி 2002-இல் ரிக்டி என்ற வேற்றுலகப் படை தாக்குகிறது. ஹீரோ 1 என்பவர் ஒரு குழுவோடு அவர்கள் வந்த வாசல் வழியாகவே அந்தப் பக்கம் போய், வாசலை மூட வைக்கிறார். திரும்பி வரவில்லை. அவர் கேப் அணிபவர். அந்தத் துக்கத்தில் மற்ற ஹீரோக்கள் கேப்பை விட்டுவிட்டார்கள். புதிதாக வருபவன் தகுதியைக் காட்டிய பிறகே போட்டுக்கொள்ளலாம்.

இருபதாவது லெவலில் நகர மண்டபத்துக்குப் போய் அதற்கான மிஷனை வாங்கினேன். முடித்துவிட்டுத் தையல்காரரிடம் போய்க் கறுப்பில் ஒன்று தேர்ந்தெடுத்தேன். வெளியே வந்து சும்மா ஒரு கட்டடத்து உச்சியில் நின்றேன். துணி காற்றில் ஆடியது. இருபது லெவல் என்றால் அப்போது எனக்கு ஏறக்குறைய இரண்டு மாத ராத்திரி. எங்கள் வீட்டில் தாத்தா இறந்த வருடம் பண்டிகை கொண்டாடவில்லை. அடுத்த வருடம் முதல் தீபாவளிக்குப் புதுத்துணி போட்டபோது உடம்பு ஒரு மாதிரி கூசியது. அதே கூச்சம்.

மீதிக் கதை 2007-க்குப் பிறகு. ரிக்டிகள் மறுபடி வருகிறார்கள். லேடி கிரே என்ற ஹீரோ தரும் டாஸ்க் ஃபோர்ஸில் (டீமாக ஆடும் நீண்ட மிஷன் தொடர்) 'ஆனரி' என்று ஒரு ரிக்டியோடு மோத வேண்டும். அதை அடித்து வீழ்த்தும்போதுதான் விஷயம் புரிந்தது: அது ஹீரோ 1. அந்தப் பக்கம் சிக்கியவரை ரிக்டியாக மாற்றிவிட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் சுற்றி நின்று அடிக்கிறோம், எட்டுப் பேர் முதுகிலும் கேப். யாருக்காகத் துக்கம் காத்தோமோ அவரையே, அவர் நினைவாக வாங்கியதை மாட்டிக்கொண்டு அடிக்கிறோம். நான் கை எடுத்துவிட்டேன். டீம் லீடர் 'அடி, அடி, ஏன் நிற்கிறாய்' என்று திட்டினார். அவருக்கு அது கடைசியில் வரும் இன்னொரு பெரிய எதிரி, இன்னொரு 'பாஸ்'.

மின்கம்பம்:

திட்டியவரைக் குறை சொல்வதற்கில்லை. டீமில் எட்டுப் பேர் இருந்தாலும் யாருடைய மிஷனோ அவருக்கு மட்டும்தான் மிஷன் கொடுப்பவரின் பேச்சு முழுதாகத் தெரியும். மற்ற ஏழு பேருக்கும் 'பதினைந்து பேரை அடி, கம்ப்யூட்டரைத் தேடு' என்ற ஒற்றை வரிதான். நானே பாதிக் கதைகளை அப்படித்தான் கடந்திருக்கிறேன், நடுவில் இருந்து சினிமாவுக்குள் நுழைந்த மாதிரி. கூட்டமாக விளையாடும் கேமில் கதையை ஒருவன் காதில் மட்டும் சொன்னது அவர்கள் செய்த பெரிய தப்பு என்பது என் கட்சி.

ஆனால் அதனாலேயே ஒரு நல்லதும் நடந்தது. சில லீடர்கள் கதைசொல்லி ஆனார்கள். படித்ததைச் சுருக்கிச் சாட்டில் போடுவார்கள்.

அடிச்சுட்டுப்போ:

சரி, இதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கும் அப்படி ஒன்று நடந்தது.

கிளாக்வொர்க் ரோபோக்கள் ஞாபகம் இருக்கிறதா? பல்சக்கரமும் தகரமுமாக ஓடித் திரியும். முதல் இருபது லெவலில் அவற்றை எத்தனை உடைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சினாப்ஸ் என்ற ஹீரோ தரும் டாஸ்க் ஃபோர்ஸ் முழுக்க அவைதான், சலிப்பில் தூக்கம் வரும். நடுவில் லீடர் எழுதினார்: 'தெரியுமா, இந்த ரோபோக்களுக்குள் மோட்டாரே கிடையாது.' நான் வெறும் கேள்விக்குறி போட்டேன். அவர் விளக்கினார். கிளாக்வொர்க் கிங் தன்னைப் பெரிய பொறியாளன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். உண்மையில் அவன் செய்த எந்த இயந்திரமும் ஓடக்கூடியதே அல்ல. அவனுடைய மன சக்திதான் அவற்றை நகர்த்துகிறது. அது அவனுக்கே தெரியாது. ப்ளூ ஸ்டீல் என்ற ஹீரோ அடித்த அடியில் உடம்பு போய், இப்போது கண்ணாடிக் குடுவைக்குள் வெறும் மூளையாக இருக்கிறான்.

அடுத்த அறையில் பத்து ரோபோ நின்றன. அடித்தேன்தான். ஆனால் விழுந்தவற்றை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தேன். அதோடு சரி, பிறகும் படிக்க ஆரம்பிக்கவில்லை. யாராவது சொன்னால் கேட்பேன், அவ்வளவுதான்.

பழஞ்சோறு:

எனக்கு டிசி யுனிவர்ஸ் ஆன்லைன், சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் வரும் டிசி காமிக்ஸ் உலகத்து கேம். 2011 ஜனவரியில் வந்தது, டொராண்டோவில் அண்ணன் வாங்கி வைத்திருந்த பிஎஸ்3-இல் ஆடினேன். அந்த ஆரம்ப வீடியோவை மட்டும் பத்துத் தடவை பார்த்திருப்பேன். எதிர்காலத்தில் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் எல்லா ஹீரோக்களையும் ஒழித்துவிடுகிறான். அப்புறம் பார்த்தால் பிரெய்னியாக் என்ற வேற்றுலக வில்லன் வருகிறான், எதிர்த்து நிற்க ஆள் இல்லை. லூதர் பிரெய்னியாக்கிடமிருந்து எக்ஸோபைட்டுகள் என்ற சக்தி தரும் நுண் இயந்திரங்களைத் திருடிக்கொண்டு காலத்தில் பின்னோக்கி வந்து காற்றில் விடுகிறான். ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்களுக்குச் சக்தி வருகிறது. அதில் ஒருவன் நான், ஒருவர் நீங்கள்.

கதை என்ற முறையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலையை நான் பார்த்ததில்லை. ஊரில் ஏன் ஒரே சமயத்தில் இத்தனை சூப்பர் ஹீரோ என்று இந்த மாதிரி எல்லா கேமிலும் மனதில் ஓடும் கேள்விக்கு முதல் ஐந்து நிமிடத்தில் விடை கொடுத்துவிட்டார்கள். கதை எழுதியவர்களில் காமிக்ஸ் எழுத்தாளர் ஜெஃப் ஜான்ஸ் ஒருவர். பேட்மேனுக்குக் கெவின் கான்ராய் குரல், ஜோக்கருக்கு மார்க் ஹாமில். கேட்க வேண்டுமா?

ஆனால் அதற்குப் பிறகு என்ன? காதில் பேட்மேனின் கூட்டாளி ஆரக்கிள் பேசிக்கொண்டே இருப்பாள், நீதான் நம்பிக்கை என்பாள். திரும்பிப் பார்த்தால் அதே மூலையில் அதே ஆட்களை அடிக்கப் பன்னிரண்டு நம்பிக்கைகள் நிற்கும். கடைசி அறையில் பேட்மேனோ சூப்பர்மேனோ வந்து பக்கத்தில் நின்று பேர் வாங்கிக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினவன் போல ஓரமாக நிற்பேன். முடிவில் பாஸின் பூர்வகதையைக் காமிக்ஸ் ஓவியத்தில் காட்டுவார்கள், அது அருமை. ஆனால் அது அவர்களுடைய கதை. என் கேரக்டரின் பெயர்கூட இப்போது ஞாபகம் இல்லை.

இன்னொன்று. சொந்தக் கதைக்கு இடம் கொடுத்த சிட்டி ஆஃப் ஹீரோஸில் மட்டும் எல்லாரும் லைன்மேன் எழுதினார்களா? பாதிப் பேர் மார்வெல் காமிக்ஸின் ஹல்க், வோல்வரின் மாதிரியே பச்சை ராட்சசனும் நகம் நீளும் ஆளும் செய்தார்கள். 2004 நவம்பரில் மார்வெல் வழக்கே போட்டது, மறு வருடம் டிசம்பரில் சமாதானம் ஆனார்கள். ஆதாரமாகக் காட்டிய சில கேரக்டர்களை மார்வெல் தரப்பே உட்கார்ந்து உருவாக்கியிருந்தது என்பது தனிக் கூத்து.

குமிழி:

சாம்பியன்ஸ் ஆன்லைன் ஆடினவர்கள் யாரும் இல்லையா? 2009-இல் வந்தது. 1992-இல் டாக்டர் டிஸ்ட்ராயர் என்ற வில்லன் அழித்த டெட்ராய்ட்டின் மேல் மில்லெனியம் சிட்டி கட்டினார்கள் என்று பின்கதை. எனக்கு அதெல்லாம் மனதில் ஒட்டவில்லை. ஒட்டியது நெமிசிஸ். இருபத்தைந்தாவது லெவலில் உங்கள் பரம எதிரியை நீங்களே உருவாக்கலாம். உடை, சக்தி, பெயர், குணம், அடியாட்கள் எல்லாம் உங்கள் இஷ்டம்.

நான் அலுப்பில் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அவள் சாம்பல் கோட்டு, மெல்லிய மீசை வைத்து ஒரு ஆளைச் செய்து 'வட்டி' என்று பெயர் வைத்தாள். நான் சிரித்தேன். பிறகுதான் அந்த முறை எப்படி என்று தெரிந்தது. நெமிசிஸின் அடியாட்கள் நேரம் காலம் பார்க்க மாட்டார்கள். வேறு ஏதோ மிஷனில் இருப்பேன், திடீரென்று நாலு பேர் வந்து பாய்வார்கள். அப்பா கடை வைத்து நொடித்த வருடங்களில் எங்கள் வீட்டு வாசலில் தவணை கேட்டு ஆள் வருவது இப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் கதவு தட்டும். 'அண்ணா, வட்டி ஆள் வந்துட்டான்' என்று தங்கை பின்னால் இருந்து கத்துவாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அவனைச் சிறைக்கு அனுப்பிய அன்று அவளை எழுப்பிக் காட்டினேன். ராத்திரி ஒன்றரை மணி. கடைசி அடியை அவள்தான் அடித்தாள்.

அடுத்த எதிரியை உருவாக்கச் சொல்லி கேம் கேட்டது. நாங்கள் செய்யவில்லை.

வாழைச்சருகு:

நான் கதை எழுதியவள், அதனால் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். 2009 ஏப்ரலில் சிட்டி ஆஃப் ஹீரோஸில் மிஷன் ஆர்க்கிடெக்ட் வந்தது. ஆட்டக்காரர்களே கதை எழுதி மிஷனாக்கி வெளியிடலாம், ஒரு கதைக்கு ஐந்து மிஷன் வரை. மற்றவர்கள் ஆடிவிட்டு நட்சத்திரம் போடுவார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து ஒன்று எழுதினேன். அக்கா தங்கை இரண்டு பேர், ஒருத்தி வில்லி. கடைசி மிஷனில் பாஸின் உயிர்ப்பட்டை குறையக் குறைய ஒவ்வொரு வசனமாக வரும்படி வைக்கலாம். முதலில் கோபம், பாதியில் குழப்பம், விழும்போது அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நானே எழுதிவிட்டு நானே அழுதேன்.

முதல் முறை ஒரு டீமோடு ஆடினோம். தூரத்திலிருந்து பலமாகத் தாக்கும் பிளாஸ்டர் வகை ஹீரோக்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். இரண்டு விநாடியில் அவள் காலி. கோபம், குழப்பம், கெஞ்சல், அக்கா பெயர் எல்லா வசனமும் அவள் தலைக்கு மேல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டின. ஒருவர் 'என்னமோ சொன்னாளே' என்று கேட்டார். இன்னொருவர் 'அடுத்து?' என்றார்.

அதற்கப்புறம் அந்தப் பட்டியலைத் திறந்தாலே லெவல் ஏற்றும் பண்ணைகள்தான். கொத்துக் கொத்தாக ரிக்டி தகவல் அதிகாரிகளை நிற்க வைத்து அறுவடை செய்தார்கள். என் கதையை ஆடியவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். இருந்தாலும் பாஸுக்கு உயிரைக் கூட்டி, வசனத்தைக் குறைத்து மறுபடி வெளியிட்டேன். வசனம் குறைத்ததில் கதை நன்றாகவே ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

தோப்புக்காரன்:

அந்தக் கதையும் கேமை மூடிய 2012 நவம்பர் 30-ஆம் தேதியோடு போயிருக்குமே?

வாழைச்சருகு:

போயிற்று. நகல் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. அந்த வருடம்தான் அவர்களே கதையில் கேமின் தலையாய ஹீரோவான ஸ்டேட்ஸ்மேனைக் கொன்றிருந்தார்கள். 'யார் சாவார்?' என்று மாதக்கணக்கில் தொடர் ஓட்டி, டேரின் வேட் என்ற வில்லன் கையால். ஆகஸ்ட் கடைசியில் கேமையே மூடுகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அட்லஸ் பார்க்கில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன்.

மின்கம்பம்:

நான் அதற்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டேன். கடைசி நாளில் உள்ளே போகக்கூட முடியவில்லை.

2019-இல் ரசிகர்கள் மறுபடி சர்வர் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர்களில் ஹோம்கமிங் குழுவுக்கு 2024 ஜனவரியில் கேமை நடத்த உரிமமே கிடைத்துவிட்டது. இப்போது அங்கே முதல் லெவலிலேயே கேப் போட்டுக்கொள்ளலாம், தோப்புக்காரருக்கு வருத்தமாக இருக்கும். பழைய கேரக்டர் எதுவும் இல்லை, எல்லாம் புதிதாகத்தான் செய்ய வேண்டும். இடி என்ற பெயர் காலியாக இருந்தது. வரலாற்றுப் பெட்டியில் என்ன எழுதியிருந்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். புயல் வந்தது, கம்பம் வந்தது, வரிகள் வரவில்லை.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு உடை திரைக்குத் திரும்பினேன். முதலில் மஞ்சள் கையுறையைத் தேடி எடுத்து மாட்டினேன்.