ஊட்டிக் காத்து கனமா, லேசா?

மேட்டுப்பாளையத்தான்:
போன ஞாயித்துக்கிழமை பைக்ல ஊட்டி போனோம். கல்லாறுல வாங்குன சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டுறதுக்குள்ள வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. கூட வந்த மச்சான், "மேல அழுத்தம் கம்மிங்க மாமா, காத்தே லேசு"ங்கறான். எனக்கு ஒப்பலை. குளிர்ந்த காத்து கனம், சூடான காத்து லேசுன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு. ஊட்டி குளிரு, எங்க ஊரு வெக்கை. அப்ப ஊட்டிக் காத்துதானுங்களே கனமா இருக்கோணும்?

பழைய பௌதிகம்:
நீங்க படிச்ச விதி, ரெண்டு காத்தும் ஒரே அழுத்தத்துல இருந்தாத்தான் செல்லும். அழுத்தம் குறைஞ்சா அடர்த்தி குறையும், குளிர்ந்தா கூடும். ரெண்டுல எது ஜெயிக்குதுன்னு கணக்குப் போடணும். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், அழுத்தம் 975 ஹெக்டோபாஸ்கல் வாக்குல. ஊட்டி 2240 மீட்டர், அங்கே 770 பக்கம். 21% போச்சு. வெப்பநிலை கீழே 30 டிகிரி, மேலே 15னு வச்சுக்குவோம். பாதியாயிடுச்சேன்னு ஏமாறாதீங்க, வாயுக் கணக்கு கெல்வின்ல, அதாவது டிகிரியோட 273 கூட்டிக்கணும். 303 இருந்தது 288 ஆச்சு, 5% தான். ஒரு கன மீட்டர் காத்து உங்க ஊர்ல 1.12 கிலோ, ஊட்டியில 0.93 கிலோ. மச்சான் சொன்னது சரி.

குக்கர் விசில்:
ஊட்டியில தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். குக்கர் இல்லாம துவரம்பருப்பு வேகவச்சுப் பாருங்க, மச்சான் கட்சிக்கு வந்துருவீங்க. ஆக்சிஜன் சதவீதம்கூட அங்க கம்மிதானே?

பழைய பௌதிகம்:
இல்லைங்க. சதவீதம் அங்கேயும் அதே 21 தான். மொத்தக் காத்தே குறைவுங்கறதால ஒரு மூச்சுக்குக் கிடைக்கிறது குறையுது.

மேட்டுப்பாளையத்தான்:
சரி, அதை விடுங்க. சூடான காத்து மேல போகுமில்ல? எங்க ஊரு வெக்கையெல்லாம் ஏறி ஊட்டியில சேரோணுமே. சூரியனுக்கும் ரெண்டு கிலோமீட்டர் கிட்ட!

டயர்கடைக்காரர்:
15 கோடி கிலோமீட்டர்ல ரெண்டு கிட்டவாம்! தம்பி, கடைப்பக்கம் வாங்க. கைப்பம்புல விடாம அம்பது அடி அடிச்சா அடிப்பாகத்துல கை வைக்க முடியாது. நல்லா இறுகியிருக்கிற டயர்ல வால்வைக் கழட்டி விட்டா வர்ற காத்து ஜில்லுன்னு விரல்ல படும். அமுக்குனா சூடு, விரிஞ்சா குளிரு. மலையேறுற காத்தும் விரியத்தானே செய்யுது.

பழைய பௌதிகம்:
அண்ணன் சொன்னதுக்கு மேல என்ன இருக்கு. மேகம் கட்டாத காத்து ஏறினா கிலோமீட்டருக்கு 10 டிகிரி வாக்குல குளிரும். மேகம் கட்டினா, நீராவி நீராகும்போது விடுற சூடு கொஞ்சம் ஈடுகட்டும். சராசரிக்கு 6.5னு எடுத்துக்குவாங்க. உயரம் கூடினா குளிரும், அவ்வளவுதான்.

தலைகுந்தாக்காரி:
அவ்வளவுதானா? ஜனவரி விடியக்காலையில ஊட்டிப் பக்கத்துல எங்க தலைகுந்தாவுக்கு வந்து இந்த 6.5ஐச் சொல்லுங்க சார். பள்ளத்துப் புல்லு பூரா உறைபனி, உப்பு கொட்டின மாதிரி. நடந்தா காலடியில நொறுங்கும். மேட்டுல இருக்கிற எங்க வாசல்ல பொட்டுப் பனி கிடையாது. இங்கே மேலேதான் சூடு!

பழைய பௌதிகம்:
ஒத்துக்கறேன், அவசரப்பட்டுட்டேன். மேகமில்லாத ராத்திரியில தரை சூட்டை இழந்துடும், அதை ஒட்டின காத்தும் குளிர்ந்து கனமாகி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். பள்ளத்துக்கும் உங்க வாசலுக்கும் 30 மீட்டர்னு வச்சாலும் அழுத்த வித்தியாசம் அரை சதவீதம்கூட வராது. அதனால அங்கே குளிருக்குத்தான் கை ஓங்கும்.

மேட்டுப்பாளையத்தான்:
அப்ப குளிர்ந்த காத்து கனம்னு நான் சொன்னது சரி!

பழைய பௌதிகம்:
தலைகுந்தா பள்ளத்துல சரி. சிப்ஸ் பாக்கெட்டுக்கு இல்லை.

மேட்டுப்பாளையத்தான்:
முதல் வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மச்சானுக்கு அனுப்பியாச்சுங்க.