பாதியில் நிறுத்திய பாட்டு: அண்டர்கிரவுண்ட், அரசியல் ஹிப் ஹாப் உங்களிடம் வந்த கதை

பின்னிரவு
'டான்ஸ் வித் த டெவில்' என்ற ராப் பாட்டைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடுதியில் அறைத்தோழன், அதைப் பாடிய அமெரிக்க ராப்பர் இம்மார்ட்டல் டெக்னிக்கின் 'ரெவல்யூஷனரி வால்யூம் 1' ஆல்பம் முழுவதையும் என் கணினியில் ஏற்றிவிட்டு, "இந்த ஒண்ணை மட்டும் தனியா இருக்கும்போது கேளு" என்றான். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். பியானோ அவ்வளவு மென்மை. அது 'லவ் ஸ்டோரி' படத்தின் காதல் இசை என்று பின்னால்தான் தெரிந்தது. கதையில் கும்பல் சிதைத்த பெண்ணின் முகத்தை மூடியிருந்த சட்டையை விலக்கும் இடம் வந்ததும் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். காலையில் அவனிடம், "இதையெல்லாம் மனுஷன் கேப்பானா?" என்று கத்தினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு ஒரு பாட்டுகூட எனக்குத் தரவில்லை. பாட்டைவிட அன்றைக்கு அவன் முகம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சுவரெழுத்து
மன்னிக்கணும் நண்பா, அதை நான் அரசியல் பாட்டுன்னே ஒத்துக்க மாட்டேன். திகில் கதை, அவ்வளவுதான். அதே ஆல்பத்துல 'த பாவர்ட்டி ஆஃப் ஃபிலாசஃபி' இருக்கே, எதுகை மோனை எதுவும் இல்லாம பீட்டு மேல அந்த ஆளு பேசிக்கிட்டே போவாரு, அங்கதான் அரசியல் இருக்கு.

என் கதை 'த கூப்'ங்கிற அமெரிக்க ராப் குழு பத்தினது. 'பார்ட்டி மியூசிக்' ஆல்பத்தோட முதல் அட்டையைப் பார்த்தேன். இரட்டைக் கோபுரம் வெடிக்குது, முன்னாடி அந்தக் குழுவோட ராப்பர் பூட்ஸ் ரைலி கையில ஒரு கருவியோட நிக்கிறாரு. செத்தவங்களை வெச்சுக் காசு பண்றானுங்கன்னு மூடிட்டேன். அந்தப் படம் 2001 செப்டம்பருக்கு முன்னாடியே செஞ்சது, தாக்குதல் நடந்ததும் அதைத் தூக்கிட்டு நவம்பர்ல வேற அட்டையோட வெளியிட்டாங்கன்னு தெரிய எனக்கு மூணு வருஷம் ஆச்சு. அப்புறம்தான் உள்ள போய்க் கேட்டேன். மகளுக்கு அப்பன் புத்தி சொல்ற பாட்டு ஒண்ணு வருது. வேலைக்குப் போற வழியில கேட்டு, அப்படியே ஓரமா நின்னுட்டேன்.

பேஸ்லைன்
@சுவரெழுத்து, கதை சொன்னா அரசியல் இல்லையா? 1982-ல வந்த 'த மெசேஜ்' ராப் பாட்டோட கடைசிப் பத்தியில ஒரு குழந்தை பிறக்குது, வளருது, சிறைக்குப் போகுது, அங்கேயே தூக்குல தொங்குது. அதுவும் கதைதான்.

எனக்கு டெட் பிரெஸ், அமெரிக்க ராப் ஜோடி. அந்த 'ஹிப் ஹாப்' பாட்டை ஒரு வருஷம் ஓட்டப்பயிற்சிக்குப் போட்டிருக்கேன், பேஸ் அப்படி. ஒருநாள் மூச்சு வாங்கி உக்காந்தப்போ சொல்லு காதுல விழுந்துது. நம்ம தமிழ் ராப்பர் அறிவோட 'தெருக்குரல்' ஆல்பம் 2019-ல வந்தப்போ சொல்லுதான் முதல்ல குத்துச்சு. இங்கிலீஷ்ல பீட் முன்னாடி வருது, சொல்லு ரொம்பப் பின்னாடி.

இரண்டாம் பக்கம்
நான் தொடங்கியது மோஸ் டெஃப், டாலிப் குவெலி என்ற ராப்பர்கள் சேர்ந்த பிளாக் ஸ்டாரில், 1998 ஆல்பம். பெயர் பிடித்துக் கேட்டேன், அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இந்த இழையில் எல்லோரும் 'அண்டர்கிரவுண்ட்', 'அரசியல்' இரண்டையும் ஒன்றாக்குகிறீர்கள். அரசியல் பேசிய பப்ளிக் எனிமி குழு, டெஃப் ஜாம் என்ற பெரிய இசை நிறுவனத்தில் இருந்தவர்கள். டெட் பிரெஸ்ஸின் 'லெட்ஸ் கெட் ஃப்ரீ' ஆல்பத்தை 2000-ல் லவுட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இவை தெருவில் கைமாறிய கேசட்டுகள் அல்ல. மறுபக்கம், தன் சிடியைத் தெருவில் நின்று விற்றவர் இம்மார்ட்டல் டெக்னிக். எவன் காசில் பாட்டு வந்தது என்பது வேறு, பாட்டு எதைப் பேசுகிறது என்பது வேறு.

புதிதாக வருகிறவர்களுக்கு: முதல் முறை வரிகளைப் படிக்காமல் கேளுங்கள், இரண்டாம் முறை படித்துக்கொண்டே கேளுங்கள். தெரியாத பெயர் வந்தால் தேடாமல் விடாதீர்கள். பிளாக் ஸ்டார் என்ற பெயரே கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி 1919-ல் தொடங்கிய கப்பல் நிறுவனத்திலிருந்து வந்தது. அதைத் தேடிப் போனபிறகுதான் அந்த ஆல்பத்தில் ஏன் அத்தனை பெருமிதம் என்று புரிந்தது. இம்மார்ட்டல் டெக்னிக்கின் 'ரெவல்யூஷனரி வால்யூம் 2'-வில் முமியா அபு ஜமாலின் குரல் வரும். அவர் யார், எதற்காகச் சிறைக்குப் போனார் என்று தெரியாமல் அந்த ஆல்பத்தைக் கடந்து போகாதீர்கள். சாம்பிளையும், அதாவது பழைய பாட்டிலிருந்து எடுத்துச் சேர்த்த இசைத்துண்டையும் தேடுங்கள். பிடித்துவிட்டால் அந்தக் கலைஞரிடமே காசு கொடுத்து வாங்குங்கள்.

எல்லையோரம்
யாரும் கேக்காத அறிவுரை, ஆனா சாம்பிள் விஷயம் சரி.

எனக்கு மொழியே தெரியாத பாட்டு. ராப்பர் எல் ஜெனரலோட 'ரயீஸ் லெப்லெட்', துனீசியா, 2010 கடைசி. வீடியோ தொடக்கத்துல அதிபர் பென் அலி ஒரு பள்ளிக்கூடப் பையன்கிட்ட பேசுற பழைய காட்சி. பையன் மிரண்டு போய் நிப்பான். அடுத்து தொப்பியை முகம் வரைக்கும் இழுத்துவிட்ட ஒருத்தன், மேடை இல்ல, கூட்டம் இல்ல, நேரா அதிபரையே கூப்பிட்டுப் பேசுறான். மொழிபெயர்ப்பு படிக்கிறதுக்கு முன்னாடியே கை சில்லிட்டுப் போச்சு. ஜனவரியில அந்த ராப்பரைப் பிடிச்சிட்டுப் போனாங்க, சில நாள்ல விட்டாங்க. 14-ஆம் தேதி பென் அலி நாட்டை விட்டே ஓடிட்டாரு. நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறது அந்தப் பையன் முகத்தை.

பின்னிரவு
@சுவரெழுத்து, திகில் கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேற்றிரவு இத்தனை வருஷம் கழித்துக் கடைசிவரை கேட்டேன். கதை முடிந்து கொஞ்சம் மௌனம், அதன்பின் பட்டியலில் பெயரே இல்லாத இன்னொரு பாட்டு, டயபாலிக் என்ற ராப்பரோடு சேர்ந்து. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. என் அறைத்தோழனுக்குத் தெரிந்திருக்கும். அவனுடைய பழைய எண்ணுக்கு, "இப்பத்தான் முழுசாக் கேட்டேன்" என்று அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.