எல்.டி.சி. விதிகளில் 'என்டைட்டில்மென்ட்': தகுதியா, உரித்தா?

> விடுப்புப் பயணச் சலுகை என்ற சொல் அரசாணைகளிலேயே இருக்கிறதே ஐயா, இன்னும் எதற்குப் புதுச்சொல்?

வணக்கம்.

எல்.டி.சி.க்கு, அதாவது விடுப்பில் போய்வரும் அரசு ஊழியருக்குப் பயணக் கட்டணம் தரும் சலுகைக்கு, அந்தச் சொல்லே இருக்கட்டும். என் சிக்கல் அதற்குள்ளே வரும் 'என்டைட்டில்மென்ட்'. இதற்கும் தகுதி என்றே எழுதுகிறோம், 'எலிஜிபிலிட்டி'க்கும் தகுதி என்றே எழுதுகிறோம். மத்திய அரசு அலுவலகத்தில் பில் பாஸ் செய்கிறவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஓராண்டுத் தொடர் பணி முடித்தவரா என்பது முதல் கேள்வி. அது தகுதி, சரி. எந்த வகுப்புக் கட்டணம் வரை கொடுக்கலாம் என்பது அடுத்தது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு ரயிலில், ஊதிய நிலை 5 வரை மூன்றடுக்கு ஏசி, 6 முதல் 11 வரை இரண்டடுக்கு ஏசி, 12-உம் அதற்கு மேலும் முதல் வகுப்பு ஏசி. நிலை 7-இல் உள்ளவர் மூன்றடுக்கில் போய்வந்தால் அந்தக் கட்டணம்தான் கிடைக்கும், மிச்சம் கைக்கு வராது. முதல் வகுப்பில் போனால் இரண்டடுக்குக் கட்டணத்தோடு நிறுத்திவிடுவார்கள். இது ஒரு வரம்பு, ஆளின் தகுதியைப் பற்றிய பேச்சே இல்லை.

ஒருமுறை ஒரு சுற்றறிக்கையைத் தமிழாக்கியபோது 'தகுதியுள்ள ஊழியர்கள் தத்தம் தகுதிக்கேற்பப் பயணம் செய்யலாம்' என்று எழுதிவிட்டேன். படித்த கடைநிலை ஊழியர் ஒருவர், "அப்போ எங்க தகுதி என்ன சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

'டியர்னஸ் அலவன்ஸ்', 'டெய்லி அலவன்ஸ்' இரண்டையும் டி.ஏ. என்று ஆங்கிலச் சுருக்கம் குழப்பும் இடத்தில் நாம் அகவிலைப்படி, தினப்படி என்று அழகாகப் பிரித்துவிட்டோம். இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது: ஆங்கிலம் பிரித்துச் சொல்வதை நாம் ஒரே சொல்லில் குழப்பிவிட்டோம்.

'உரிமை' வேண்டாம், அதில் நீதிமன்ற வாசனை. என் பரிந்துரை 'உரித்து'. 'நன்றி உரித்தாகுக' என்று மேடைதோறும் சொல்கிறோம். இலங்கையில் காணி உரித்து என்பது அன்றாடப் பேச்சு. பயண உரித்து, கட்டண உரித்து என்று வைக்கலாமா?

———

> பயண உரித்து, கட்டண உரித்து என்று வைக்கலாமா?

ஐயா, பொருத்தம்தான். ஆனால் கட்டண உரித்து என்றதும் எனக்கு வெங்காயம் உரிப்பதுதான் கண்ணில் வருகிறது. 'உரிய வகுப்பு', 'உரிய கட்டணம்' போதாதா?

———

வெங்காயத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 'உரிய வகுப்பு' நன்றாக இருக்கிறது, படிவத்தில் அப்படியே போடலாம். 'உரிய கட்டணம்' மட்டும் சறுக்கும். 'உரிய கட்டணம் செலுத்தி ரசீது பெறவும்' என்று எல்லா அலுவலகச் சுவரிலும் இருக்கிறதே, அங்கே அது நாம் கட்டவேண்டிய காசு. இங்கே நமக்கு வரவேண்டிய காசு.

படிவத்தில் அந்தத் தொகையை எழுதும் கட்டத்துக்கு மட்டும் 'உரித்தளவு' என்று வைத்துப் பார்ப்போம். பின்னால் அளவு சேர்ந்துவிட்டால் உரிக்கிற நினைப்பு வராது என்று நினைக்கிறேன். 'கோரிய தொகை, உரித்தளவு, அனுமதித்த தொகை' என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் புதிதாகச் சேர்ந்த எழுத்தருக்கும் புரியும். வேறு யாருக்காவது உறுத்துகிறதா?