கல்யாணத்துக்கு ஒரே 256 ஜிபி மெமரி கார்டா, நான்கு 64 ஜிபியா?

முல்லையாறு எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். தேனியில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளனாக இருந்தேன். வருகிற ஆவணியில் முதல் தடவையாக என் பெயரில் ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருக்கிறேன். மண்டபம் போடியில். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். என் கையில் சோனி ஏ7 மார்க் 3, தம்பி கையில் நிக்கான் டி750. வீடியோவுக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள்.

ஸ்டுடியோவில் இருந்தவரை முதலாளி கார்டைக் கொடுப்பார், முடிந்ததும் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போது நானே வாங்க வேண்டும். கடைக்காரர், "256 ஜிபி ஒன்று வாங்கிப் போட்டுவிடு, இரண்டு நாளும் கழற்றவே வேண்டாம்" என்கிறார். பழைய ஸ்டுடியோ அண்ணன், "64க்கு மேல் தொடாதே, ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்" என்கிறார். கேமராவில் கார்டு செருகும் இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைத்தால் கேமரா திணறும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். ரிசப்ஷன் முடிந்த இரவே லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, அதே கார்டை அழித்து முகூர்த்தத்துக்குப் போட்டால் செலவு மிச்சமாகுமே என்றும் தோன்றுகிறது. பணம் அளவாகத்தான் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நான் படம் எடுப்பவன் இல்லை. மதுரையில் ஆல்பம் வடிவமைக்கிறேன். தென்மாவட்டத்துப் பையன்கள் கார்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் முகம் வெளுத்து வந்து, "அண்ணே, இதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள்" என்பார்கள். எனவே வியூஃபைண்டருக்கு மறுபுறத்திலிருந்து சொல்கிறேன்.

தானாகச் செத்த கார்டு என்னிடம் வருவது அபூர்வம். கை பட்டுக் கெட்டவைதான் வருகின்றன. ஏற்றிவிட்டோம் என்ற நினைப்பில் அழித்தது, பாதி ஏறும்போது ரீடரைப் பிடுங்கியது, எழுதும் விளக்கு அணைவதற்குள் கார்டை உருவியது, சட்டைப் பையோடு சலவைக்குப் போனது. (சலவைக்குப் போனது பிழைத்துக்கொண்டது. மற்றவை அப்படி அல்ல.) ஆகவே 256ஆ 64ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன், கார்டு எத்தனை தடவை கேமராவை விட்டு வெளியே வரும், யார் யார் கைக்குப் போகும் என்று யோசி.

உன்னுடைய இரண்டு கேமராவிலும் இரண்டிரண்டு ஸ்லாட் இருக்கிறது. 2018இல் கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) கேமராக்கள் வரிசையாக வந்தபோது, கேனான் ஈஓஎஸ் ஆர், நிக்கான் இசட் 6, இசட் 7 எல்லாவற்றிலும் ஒரே ஸ்லாட்தான் என்று கல்யாண போட்டோகிராபர்கள் போட்ட சண்டை எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த தலைமுறையில் இரண்டாவது ஸ்லாட்டைக் கொடுத்தார்கள். கிடைத்ததைப் பயன்படுத்தாமல், முதல் கார்டு நிரம்பிய பிறகு இரண்டாவதுக்குத் தாவுகிற மாதிரி வைத்துக்கொண்டு அலைகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வை.

திணறும் என்று சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஏ7 மார்க் 3இல் ஒரு ஸ்லாட் யூஎச்எஸ்-2, மற்றது யூஎச்எஸ்-1 (கேமராவுக்கும் கார்டுக்கும் இடையிலான பாதையின் வேக வகைகள்). வேகமான ஸ்லாட்டுக்கு எண் 1, ஆனால் அது இருப்பது கீழே. மேலே இருப்பதுதான் முதல் ஸ்லாட் என்று நினைத்து விலை கூடிய கார்டை மேலே செருகிக்கொண்டு, காசு கொடுத்தும் வேகம் இல்லையே என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். யூஎச்எஸ்-1 பாதையின் உச்சமே வினாடிக்கு 104 எம்பிதான், யூஎச்எஸ்-2க்கு 312. ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாத மூலப் படத்தை) இரண்டிலும் எழுதினால் மெதுவான கார்டுக்காக வேகமான கார்டு காத்திருக்கும், கார்டில் ஏறும் வரை படங்களைத் தாங்கும் பஃபர் காலியாக நேரம் எடுக்கும். அதனால் என்ன? நீ எடுக்கப்போவது கிரிக்கெட் இல்லை. கெட்டிமேளம் கொட்டும்போது ஒரு சிறு தொடர், அட்சதை விழும்போது இன்னொன்று. அந்த அளவுக்கு இரண்டு ஸ்லாட்டிலும் நல்ல வி30 கார்டு போதும் (வி30 என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). விரலை எடுக்கவே மாட்டேன் என்பவனுக்குத்தான் பஃபர் நிரம்பும்.

வேகம் உறுத்தினால் 1இல் ரா, 2இல் ஜேபெக் (கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய படம்) என்று பிரித்து வை. ஜேபெக் எதற்கு உதவும் என்று சிரிக்காதே. மேடையில் எல்இடி சுவர் ஊதா அடிக்கும்போது நிறத்தைத் திருத்த ரா வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரா கார்டு போய்விட்ட நாளில், 24 மெகாபிக்சல் ஜேபெக்கை 12க்கு 36 அங்குலத் தாளில் நான் தாராளமாக அச்சுக்கு அனுப்புவேன். பெண்ணின் அப்பாவுக்குத் தாலி கட்டிய படம் வேண்டும், அது எந்தக் கோப்பு வகை என்று அவர் கேட்கப்போவதில்லை.

கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 எல்லாம் படிக்கும் வேகம், அதுவும் பொருத்தமான ரீடரில் போட்டால். எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. வி30, வி60, வி90 என்பதுதான் நீ பார்க்க வேண்டியது: குறைந்தது வினாடிக்கு அத்தனை எம்பி தொடர்ந்து எழுதும் என்ற உறுதி.

இனி அளவு. உன் சோனியில் சுருக்கிய ரா ஒன்று ஏறத்தாழ 24, 25 எம்பி. 64 ஜிபி கார்டில் சுமார் 2,500 படம். ஒரு ரிசப்ஷனுக்கு அது தாராளம். அதற்கு மேல் எடுத்தால் தேர்வு செய்ய உட்காரும் என்னைத்தான் நீ வதைக்கிறாய். நான்கு 64 ஜிபி வாங்கு, உன் ஸ்டுடியோ அண்ணன் சொன்ன காரணத்துக்காக இல்லை, இரண்டு ஜோடியாகப் பயன்படுத்த. ஒரு ஜோடி ரிசப்ஷனுக்கு, ஒரு ஜோடி முகூர்த்தத்துக்கு. தம்பி ஓரமாக நின்று விருந்தினரை எடுப்பவன் என்றால் அவனுக்கு இரண்டு நாளுக்கும் ஒரே ஜோடி போதும்.

இரவில் அழித்துவிட்டுக் காலையில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ரிசப்ஷன் முடிந்து பந்தியில் உட்காரும்போதே பதினொன்று ஆகிவிடும். முகூர்த்தம் ஆறு மணி என்றால் நான்கு மணிக்குப் பெண்ணின் அலங்கார அறை வாசலில் நிற்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவன் கைக்கு 'ஃபார்மேட்' பொத்தானைக் கொடுக்கக் கூடாது.

நொய்யல் எழுதியது:

வைகைக்கரை அண்ணன் சொன்னதில் முக்கால் பங்கு சரி. ஆனால் நான் இரண்டு ஸ்லாட்டிலும் 128 போட்டுவிட்டு இரண்டு நாளும் வெளியே எடுப்பதே இல்லை. கேனானில் எடுக்கிறேன், திருப்பூர் சுற்றுவட்டாரம். கார்டு வெளியே வராமல் இருப்பதே நல்லது என்று அண்ணனே சொல்லிவிட்டு, நான்கு கார்டு வாங்கி மாற்றச் சொல்வது முரணாக இல்லையா? நலங்கு மஞ்சள் கையோடு கார்டு மாற்றுகிற கொடுமை எனக்கு வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

முரண் போலத்தான் தெரியும் அக்கா. இரவு கேமரா எங்கே தூங்குகிறது? மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் அறையில், பத்துப் பதினைந்து பைகளுக்கு நடுவில். பை போனால் இரண்டு ஸ்லாட்டும் சேர்ந்து போகும். ஒரு கேமராவுக்குள் இருக்கும் இரண்டு பிரதி, திருட்டுக்கு ஒரே பிரதிதான். அதற்காகத்தான் இரவில் ஒரே ஒரு தடவை மாற்றச் சொல்கிறேன். ஜோடியில் ஒன்று பையில், மற்றது உடம்போடு. உங்கள் முறையிலும் இரவில் ஒன்றை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைத்து, புதிது ஒன்றைச் செருகினால் எனக்கு மறுப்பில்லை.

மஞ்சள் கை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. காலையில் மாற்ற நேர்ந்தால் அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது தம்பி. பெண் கூறைப்புடவை கட்டிக்கொள்ள உள்ளே போவாள். மேடையில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பார், பெரியவர்கள் காபி கேட்பார்கள். பேட்டரி, கார்டு இரண்டையும் அப்போது பார்த்துவிடு. "இன்னும் இருபது படம் இடம் இருக்கிறது" என்ற நம்பிக்கையோடு தாலி கட்டுக்கு நிற்காதே.

படம் எடுத்து முடித்த கார்டைக் கார்டுப் பெட்டியில் பெயர் தெரியாமல் கவிழ்த்து வை. காலி கார்டின் பெயர் மேலே தெரியட்டும். எண்ணை அழியாத பேனாவால் கார்டின் மேலேயே எழுது. காகிதம் ஒட்டாதே, வியர்வையில் உரிந்து ஸ்லாட்டுக்குள் தங்கிவிடும். பக்கவாட்டில் இருக்கும் பூட்டுத் தள்ளியையும் பெரிதாக நம்பாதே. அது வெறும் பிளாஸ்டிக். கார்டுக்குள் எதையும் அது தடுப்பதில்லை, கேமராதான் அதன் நிலையைப் பார்த்து எழுதாமல் நிற்கிறது. தேய்ந்து தளர்ந்துவிட்டால் செருகும்போது தானாக நகர்ந்து, நல்ல நேரத்தில் 'பூட்டப்பட்டிருக்கிறது' என்று காட்டும். அப்படிப்பட்ட கார்டை ஓய்வு கொடுத்து வீட்டில் வை.

குமரிமுனை எழுதியது:

வீடியோக்காரன் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. 4கே 100 எம்பிபிஎஸ் என்றால் பலர் வி90 வாங்க ஓடுகிறார்கள். அது மெகாபிட். எட்டால் வகுத்தால் வினாடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. வி30 கார்டு அதைத் தாராளமாகத் தாங்கும். பணத்தை வேகத்தில் போடாமல் கொள்ளளவில் போடுங்கள்.

போலிக் கார்டு பற்றி யாரும் பேசவில்லையே. ஆடித் தள்ளுபடியில் புடவை வாங்கலாம், கார்டு வாங்கக் கூடாது என்பது என் கட்சி. உள்ளே 16 ஜிபி இருக்கும், 256 என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி சில்லில் மாற்றம் செய்திருப்பார்கள். 16 நிரம்பும் வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் பழையதன் மேல் விழும், அல்லது எங்கும் போகாது. கோப்பின் பெயர் மட்டும் தெரியும். வாங்கிய அன்றே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஓட்டிப் பாருங்கள். கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். இரண்டும் இலவசம். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும், ஓட்டிவிட்டுத் தூங்கலாம். பில் கொடுக்காத கடையில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். ட்ரோனுக்கு வாங்கிய மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிக் கல்யாணத்துக்குக் கொண்டுவரும் பழக்கமும் வேண்டாம். தொடர்பு விட்டுப்போக இன்னொரு இடத்தை நாமே உண்டாக்குவானேன்?

முல்லையாறு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான்கு 64 என்று முடிவு செய்துவிட்டேன், நிக்கானுக்கு ஏற்கெனவே இருக்கும் இரண்டு போதும். இன்னும் இரண்டு சந்தேகம். பெண்ணின் அண்ணன் இப்போதே, "ரிசப்ஷன் நடக்கும்போதே கார்டைக் கொடு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட வேண்டும்" என்கிறார். எப்படி மறுப்பது? அடுத்து, எவ்வளவு கவனமாக இருந்தும் தவறி அழித்துவிட்டால் என்ன செய்வது?

வைகைக்கரை எழுதியது:

பெண்ணின் அண்ணனைப் பகைத்துக்கொள்ளாதே, சாப்பாட்டுப் பந்தியில் உன்னை உட்காரவைப்பவர் அவர்தான். கார்டை மட்டும் கொடுக்காதே. போனில் செருகும் ரீடரோடு வருவார்கள். அந்தப் போன் கார்டில் என்ன எழுதும், எதை அழிக்கும் என்று யாருக்குத் தெரியும்? உன் இரண்டு கேமராவிலும் வைஃபை இருக்கிறது. நல்லதாக நான்கைந்தை உன் போனுக்கு அனுப்பி, அங்கிருந்து அவருக்கு அனுப்பிவிடு. நீயே தேர்ந்தெடுத்த படம் ஊர் முழுக்கப் போவதும் உனக்கு நல்லதுதான்.

தவறி அழித்துவிட்டால் முதல் வேலை, அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காதே. சாதாரண ஃபார்மேட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் பக்கங்களை விட்டுவைப்பது போன்றது. மேலே புதிதாக எழுதும் வரை பெரும்பாலும் படங்கள் உள்ளேதான் இருக்கும். கேனானில் 'லோ லெவல் ஃபார்மேட்' என்று தனியாக ஒன்று உண்டு, அதைத் தேர்ந்திருந்தால் நம்பிக்கை குறைவு. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பின் பெயர்கள் திரும்பி வராது, படங்கள் வரும். மீட்டதைக் கண்டிப்பாக வேறு டிஸ்க்கில் சேமி, அதே கார்டில் அல்ல. பதற்றத்தில் அதைச் செய்தவர்கள் உண்டு.

ஏற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வெட்டி ஒட்டாதே, நகலெடு. நகலெடுத்ததும் கார்டில் இத்தனை கோப்பு, டிஸ்க்கில் இத்தனை கோப்பு என்று எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடு. பிறகு நடுவிலும் கடைசியிலும் சில படங்களைப் பெரிதாகத் திறந்து பார். சின்னப் படம் தெரிகிறது என்பதற்காக முழுப் படமும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாக நிற்கும் கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏறி, ஒன்று வேறு வீட்டுக்குப் போன பிறகுதான் கார்டு அடுத்த வேலைக்கு. அப்போதும் கணினியில் அழிக்காமல் கேமராவில் ஃபார்மேட் செய். சோனி கார்டைச் சோனியில், நிக்கான் கார்டை நிக்கானில்.

உன் சோனி DSC என்ற எழுத்துகளுக்குப் பின் ஐந்து எண் போடும், நிக்கான் நடுவில் ஒரு அடிக்கோடு போட்டு நான்கு எண் போடும். அதனால் பெயர் மோதாது. இரண்டு சோனி வைத்திருப்பவர்கள் ஒரே கோப்புறையில் கொட்டும்போது, 'இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றிவிடவா' என்று கணினி கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று தட்டிவிடுவார்கள். பின்னால் நீ இன்னொரு சோனி வாங்கினால், பெயரின் முதல் மூன்று எழுத்தை மெனுவில் மாற்றிக்கொள்.

இன்னொன்று, எனக்காகச் செய். மண்டபத்துக்குக் கிளம்பும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நிமிடத்துக்குத் திருத்து. தம்பி கேமரா அரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், நேர வரிசையில் அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை காசி யாத்திரை போய்க்கொண்டிருப்பார்.

முல்லையாறு எழுதியது:

நிக்கான் இப்போது பார்த்தேன் அண்ணா, தேதியே போன வருடத்தில் இருக்கிறது. திருத்திவிட்டேன்.