சிஸ்டத்தில் இருக்கு, ரேக்கில் இல்லை: உங்களுக்கு நடந்தது என்ன?

ஸ்டோர்ஸ்_நைட்ஷிஃப்ட்:
எம்.ஆர்.பி. (எந்தப் பாகம் எப்போது, எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்குப் போடும் சிஸ்டம்) ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் அந்த ராத்திரி இன்னும் உறுத்துகிறது. பம்ப் லைன், காலையில் டிஸ்பாட்ச். திரையில் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருப்பு 1,840. ரேக்கில் கையை விட்டால் ட்ரேயின் அடியில் ஒட்டிக்கொண்டு 7 கிடந்தது, அதிலும் 2 வேறு சைஸ். சூப்பர்வைசர் என் உள்ளங்கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், "மீதி எங்கே?" என்றார். என்னமோ நான் வீட்டுக்குக் கொண்டுபோன மாதிரி!

பேக்ஃப்ளஷ்தான் காரணம், அதாவது பொருள் செய்து முடித்த பிறகு சிஸ்டமே பாகங்களைக் கணக்கில் கழித்துக்கொள்ளும் முறை. ஒரு பம்ப் முடிந்தால் பி.ஓ.எம். (பாகப் பட்டியல்) படி 2 ஓ-ரிங் கழியும். பொருத்தும்போது கிழிந்து தொட்டிக்குப் போவதை லைனில் யாரும் ஸ்கிராப் (கழிவு) என்று கணக்கில் போடுவதில்லை. இருப்பு தாராளமாகத் தெரிய, சிஸ்டம் வாங்கச் சொல்லவே இல்லை.

பர்ச்சேஸ்_பழசு:
எங்களிடம் நேர்மாறு. காப்பர் வயர் வாங்குவது கிலோவில், லைனுக்குக் கொடுப்பது மீட்டரில். மெல்லிய வயருக்கு மாறினோம், ஒரு கிலோவுக்கு மீட்டர் கூடியது; சிஸ்டத்தின் மாஸ்டர் பதிவில் பழைய விகிதமே கிடந்தது. சிஸ்டம் பற்றாக்குறை என்று கத்தக் கத்த ஆர்டர் போட்டேன். கடைசியில் ஸ்டோர்ஸ்காரர் ஒரு ரீலை உருட்டிக்கொண்டே என் அறைக்கு வந்துவிட்டார். "அங்கே இடமில்லை சார், உங்க டேபிளுக்குக் கீழே வெச்சுக்குங்க."

நைட்ஷிஃப்ட் நண்பரே, லைனைக் குறை சொல்லாதீர்கள். ஸ்கிராப் எழுதினால் உடனே விளக்கம் கேட்கிற இடத்தில் எவன் எழுதுவான்?

பிளானர்_ஓய்வு:
அவசர ஆர்டர் என்று மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்து, பாதி ஓடிய பேட்சை நிறுத்தி மெஷினில் டை (அச்சு) மாற்ற வைத்தார்கள். மாற்றி முடித்ததும் இரண்டாவது போன்: "பழையதே ஓடட்டும்." ஃபிட்டர் ஒன்றும் பேசவில்லை, ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வருஷக் கடைசியில் ஆலையை மூடி மொத்தமாக எண்ணுவதை மட்டும் நம்பாதீர்கள். தினமும் கொஞ்சம் எண்ணுங்கள்: மதிப்பு அதிகமான ஏ பொருள் மாதம் ஒருமுறை, பி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சி வருஷத்துக்கு ஒருமுறை. ட்ரே காலியாகப் போகும் நேரத்தில் எண்ணினால் வேலை சுலபம். வித்தியாசம் வந்தால் எண்ணை மட்டும் திருத்திவிட்டு எழுந்துவிடாதீர்கள், எந்த என்ட்ரியில் தப்பியது என்று தேடுங்கள். அப்புறம் பாதுகாப்பு இருப்பு, அதாவது தேவை திடீரென்று கூடினால் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு. நூறு முறை ஆர்டர் போட்டால் 95 முறை தட்டுப்பாடு வராமல் இருக்க 1.65 × தினசரித் தேவையின் திட்ட விலக்கம் (ஏற்ற இறக்கத்தின் அளவு) × லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரை ஆகும் காலம்) நாட்களின் வர்க்கமூலம். அதாவது லீட் டைம் நாலு மடங்கானால் பாதுகாப்பு இருப்பு இரண்டு மடங்கு போதும். நாலு மடங்கு வாங்கிக் குவிப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சரக்கு வரும் தேதியே ஆடினால் இந்தக் கணக்கு போதாது, அது வேறு. இந்த வாரத் திட்டத்தைப் பூட்டிவிடுங்கள், யார் போன் செய்தாலும்.

லைன்_லீடர்:
"யார் போன் செய்தாலும்" என்று ஓய்வு பெற்றவர் சொல்லலாம் சார். நாங்கள் இன்னும் சம்பளம் வாங்குகிறோம்.

பாதுகாப்பு இருப்பு கேட்க எனக்கும் ஆசைதான். ஸ்டாக் குறைக்க வந்த ஆலோசகர் டொயோட்டா, டொயோட்டா என்று சொல்லியே எங்கள் பேரிங் ரேக்கைக் காலி செய்தார். அதே டொயோட்டா 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு சிப் சப்ளையர்களை மாதக்கணக்கில் கையிருப்பு வைக்கச் சொன்னதை மட்டும் அவர் சொல்லவில்லை. எந்தப் பொருள் வர நாளாகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே பட்டியல் கொடுத்திருப்பேன். காலி ரேக்கைப் பின்னால் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே பேரிங் இல்லாமல் லைன் நின்றது, அப்போது அவர் வேறு ஆலையில் இருந்தார்.